கஸ்டம்ஸ் தம்பிக்கும் ஒரு ஸலாம்

ஏரல்
12.09.2025

தம்பி யாசருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் இல்லாமல் கடிதம் தொடங்கினால் உம்மா கபுருக்குள் இருந்தே என் காதைத் திருகுவாள் என்பதால் சொல்கிறேன். மற்றபடி உன்னோடு எனக்குப் பேச்சு கிடையாது. தம்மாமில் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்கப் போவதில்லை.

உன் நம்பரை என் போனில் பிளாக் பண்ணியது உன் மருமகள் அஸீலா இல்லை, நான்தான். அவள் எப்படிப் பண்ணுவது என்று காட்டிக் கொடுத்தாள், அவ்வளவுதான். உன் மச்சான் போனுக்கும் கூப்பிடாதே. எடுத்தால் கடையிலேயே பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போனில் நீ "சரி பண்ணிரலாம் லாத்தா, ஒண்ணும் போயிறாது" என்று சிரிப்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். இரண்டு மாதமாக இப்படித்தான் ஓடுகிறது. தாளில் எழுதினால் சிரித்து மழுப்ப முடியாது. லீவு முடிந்து அங்கே வருகிற மதார் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீயும் ஊருக்கு வருகிறவர் யார் கையிலாவது கொடுத்துவிடு. வாப்பா காலத்தில் எல்லாம் இப்படித்தானே வந்துபோனது.

உனக்கு மறந்திருக்கும், நானே சொல்கிறேன். உம்மாவுக்கு எழுத வராது. அதனால் வாப்பா தம்மாமில் இருந்த பதினெட்டு வருஷமும் கேசட்டில்தான் பேச்சு. ஒரே கேசட்தான் போகும், வரும். உம்மா பேசி அனுப்புவாள். வாப்பா கேட்டுவிட்டு, முதலுக்கு ஓட்டி, அதன் மேலேயே தான் பேசி அனுப்புவார். அது இங்கே வந்ததும் உம்மா அதன் மேல் பேசுவாள். ஒருவர் பேச்சை ஒருவர் அழித்து அழித்தே குடும்பம் நடத்தினார்கள். வாப்பா ஊரோடு வந்தபோது, அவர் பெட்டியில் உம்மா பேசிய கேசட் ஒன்றே ஒன்றுதான் அழியாமல் இருந்தது. மைமூன் மாமி கல்யாணத்துக்கு வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கூடப்பிறந்த தங்கச்சி கல்யாணம். அன்றைக்குப் பெண்கள் கூடிப் படித்த கல்யாணப் பைத்துப் பாட்டு முழுவதையும் உம்மா தனியாக உட்கார்ந்து அவருக்காகப் படித்து அனுப்பினாளே, அந்தக் கேசட்.

நீ 2021-ல் லீவில் வந்து அதை கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்டர்நெட்டில் எங்கேயோ வைக்கப் போகிறேன் என்றாய். நான் கூடாது என்றேன். அன்னிய ஆம்பிளை காதுபடச் சத்தமாகப் பேசாதவள் குரலை, ஊர் பேர் தெரியாதவன் கட்டடத்தில் கொண்டு வைக்கவா என்றேன். "என் கணக்கு, என் பூட்டு. ஒன்னையும் என்னையும் தவிர ஒருத்தர் காதுக்கும் போகாது" என்று சத்தியம் பண்ணினாய். அந்தப் பூட்டு இப்போது உனக்கே திறக்கவில்லை.

அஸீலாவின் நிக்காஹ் ஜனவரி இருபத்தைந்து. மேலப்பாளையத்து மாப்பிள்ளை. முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் பைத்து. அதை உம்மாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவள் பிறந்த அன்றே நினைத்தேன். உம்மா மவுத்தாகிவிட்டாள், குரலாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நிக்காஹுக்குள் அது வர வேண்டும். வராவிட்டால் நீயும் வர வேண்டாம்.

தஸ்மியா


தம்மாம்
03.10.2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பேச்சு கிடையாது என்று எழுதியவள் எதற்காக உடன்குடிக் கருப்பட்டி கட்டி அனுப்பினாய்? மதார் பையைத் திறந்ததும் அறை முழுக்க ஊர் வாசனை. அறையில் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு பிய்த்துக்கொண்டார்கள். கடிதத்தில் இருந்த திட்டை மட்டும் நான் தனியாகத் தின்றேன்.

சிரிக்கவில்லை லாத்தா. நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கணக்கை நான் தொடங்கியது முதல் தடவை இங்கே இருந்தபோது. போன் நம்பர் கேட்டான், கையில் இருந்த சவூதி நம்பரைக் கொடுத்தேன். பிறகு அந்தக் கம்பெனியை விட்டு எக்ஸிட் அடித்து ஊர் வந்தேன். விசா போனதோடு சிம்மும் போயிற்று. திரும்ப வேறு கம்பெனிக்கு வந்தபோது வேறு நம்பர். பழைய போனில் கணக்கு திறந்தபடியே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஜூலையில் அந்தப் போன் வேலையிடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்தது. புதுப் போனில் திறந்தால், ரகசிய எண்ணைப் பழைய நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல் என்கிறது. கம்பெனிக்கு எழுதினால் பதில் போடுவதும் மெஷின்தான். எத்தனை தடவை எழுதினாலும் அதே நாலு வரி. இங்கே என்னைப் போல நம்பரை விட்டுவிட்டு முழிக்கிறவர்கள் அறைக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

நீ 'எங்கேயோ' என்கிறாயே, அது எங்கே என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கிளவுட், மேகம் என்று பெயர்தானே தவிர, எல்லாம் தரையில்தான் இருக்கிறது. நான் ஏசி பார்க்கிற கட்டடமே அப்படி ஒன்றுதான். ஜன்னல் கிடையாது. உள்ளே பீரோ பீரோவாக கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குச் சூடு ஏறாமல் பார்ப்பது என் வேலை. ஊரார் போட்டோ, பேங்க் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் கிடக்கின்றன. நம் பொருளை இன்னொருவர் கம்ப்யூட்டரில் வாடகைக்கு வைத்துவிட்டு, எங்கிருந்து வேண்டுமானாலும் இன்டர்நெட் வழியாக எடுத்துக்கொள்வது. இவ்வளவுதான் விஷயம். உம்மா குரல் எந்த நாட்டில் எந்தக் கட்டடத்தில் என்று எனக்கும் தெரியாது. ஆனால் ஒரே இடத்தில் இருக்காது, வேறு வேறு இடங்களில் நகல் வைத்திருப்பார்கள். ஒன்று எரிந்தாலும் மற்றதில் இருக்கும்.

அதில் வகை உண்டு. ஆற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி ஊருக்கெல்லாம் குழாய் விடுகிறார்களே, அது பொதுவானது. தொட்டி ஒன்று, ஆனால் அவரவர் குழாய் அவரவர் வீட்டுக்குள். பிடித்த தண்ணீருக்கு மட்டும் வரி. மோட்டார் ரிப்பேர் நம் தலைவலி இல்லை. சொந்தக் கிணறு இருக்கிறதே, அது தனியார் மேகம். பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் அப்படி வைத்திருக்கின்றன. யாரும் எட்டிப் பார்க்க முடியாது, ஆனால் தூர்வாருவதும் நாம்தான், வற்றினால் தவிப்பதும் நாம்தான். ஜமாத்துக்காரர்கள் மட்டும் புழங்குகிற பள்ளிவாசல் தொட்டி போல, ஒரே தொழில் செய்கிறவர்கள் சேர்ந்து வைத்துக்கொள்வதும் உண்டு. நம் வீட்டில் குடிக்கக் குழாய், புழங்கக் கிணறு என்று இரண்டும் இருந்ததே, அது கலப்பு. வாடகைக்கு விடுவதிலும் மூன்று விதம். வெறும் மெஷினை மட்டும் தருவது ஒன்று. வேலை செய்யத் தோதாக எல்லாம் அமைத்துத் தருவது ஒன்று. எல்லாம் முடித்து, திறந்தால் போதும் என்று கையில் தருவது ஒன்று. நான் வாங்கியது பொதுக் குழாயில் அந்தக் கடைசி விதம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார் லாத்தா. கேசட் இருந்த தகரப் பெட்டி வண்டலுக்குள் கிடந்தது. அன்றைக்கு உம்மா குரல் மிஞ்சியது அந்தக் குழாயால்தான். தாமிரபரணி எட்டாத இடத்தில் அது இருந்தது.

பழைய நம்பர் இப்போது யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. மணி அடிக்கிறது. எப்படியாவது பேசிப் பார்க்கிறேன்.

யாசர்


ஏரல்
24.10.2025

யாசருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கருப்பட்டி உனக்காக அனுப்பவில்லை, அறையில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்காக அனுப்பினேன்.

வெள்ளத்தில் உன் குழாய்தான் காப்பாற்றியது என்று எழுதியிருக்கிறாய். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வாரம் இங்கே கரண்ட் இல்லை, டவர் இல்லை, பாலமும் இல்லை. மாடியில் நனைந்த பாயில் உட்கார்ந்து, உம்மா குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று அழுதேன். உன் மேகத்துக்கு நானா எட்டினேன்? டவர் வந்த பிறகு நீ அங்கே இருந்தபடி போனில் போட்டுக் காட்டினாய், அதற்குள் என் கண்ணீரே வற்றிவிட்டது. கடையில் இருந்த பிரியாணி ஆக்குகிற தேக்சாவெல்லாம் மிதந்து போய் ஆத்தூர்ப் பக்கம் ஒதுங்கியது, மச்சான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். ஒடுங்கினாலும் தேக்சா கைக்கு வந்தது. உன் சரக்கு ஒடுங்காமல் அப்படியே இருக்கிறது, கைக்குத்தான் வரவில்லை.

உன் கடிதத்தை மச்சானும் படித்தார். குழாய், கிணறு எனக்கு விளங்கியது, மூன்று விதம்தான் விளங்கவில்லை. மனிதர் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிற கர்வத்தோடு சொன்னார்:

"ஏ இவளே, இது நம்ம கடை யாவாரந்தான். தேக்சா, அகப்பை, அடுப்பு மட்டும் வாடகைக்கு எடுத்துட்டுப் போயி அவனவன் ஆக்கித் திங்கான் பாரு, அது ஒரு ரகம். மண்டபத்துல அடுப்பு, வெறகு, ஆக்குத பண்டாரி எல்லாம் அங்கனயே இருக்கும், நாம அரிசியும் கறியும் கொண்டு போனாப் போதும்னா அது ரெண்டாவது. ஒண்ணும் வேண்டாம், பிரியாணியப் பொட்டலமா வாங்கிப் பிரிச்சுத் திங்கது மூணாவது. ஒன் தம்பி வாங்கினது பொட்டலம். சொகந்தான். ஆனா கடைக்காரன் ஷட்டர எறக்கிட்டான்னா நீ எந்தச் சட்டியத் தொறந்து பாப்ப?"

சரியாகச் சொன்னீர்கள் என்றேன். உடனே என் பக்கம் திரும்பிவிட்டார். "ஒருத்தர் போனுக்கும் அனுப்பக் கூடாதுன்னு கண்டிசன் போட்டது யாரு? ஒனக்கு ஒண்ணு அனுப்பியிருந்தான்னா இன்னைக்கு இந்தக் கூத்து உண்டா?" அதற்குப் பிறகு அன்றைக்கு அவருக்கு டீ போட்டுக் கொடுக்கவில்லை.

உம்மா அதைப் பேசிய நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. நீ சின்னப் பயல். உள் அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, சத்தம் வரக் கூடாது என்று கதவிடுக்கில் சேலையைத் திணித்துவிட்டு, டேப் ரெக்கார்டர் முன்னால் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மெஷின் முன்னால் எதற்கு முக்காடு என்றால், கேட்கிறவர் எதிரே இருக்கிற மாதிரிதானே என்பாள். நீ இருமிவிடக் கூடாது என்று வாயில் கற்கண்டைப் போட்டு உட்கார வைத்தாள். அப்படியும் இருமினாய், அதுவும் கேசட்டில் இருக்கிறது. விமான நிலையத்தில் கேசட்டைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து முதல் வார்த்தையே, "இதக் கேக்குத கஸ்டம்ஸ் தம்பிக்கும் ஸலாம்"தான். நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

வாப்பா ஊரோடு வந்த பிறகு எத்தனை தடவை அதைப் போட்டிருப்போம். பைத்து முடிகிற இடத்தில் "போதும், நிப்பாட்டு" என்று உம்மாவே வந்து பட்டனை அமுக்கிவிடுவாள், தன் குரலைக் கேட்க அவளுக்கு அவ்வளவு வெட்கம். அவள் போன பிறகும் அதே இடத்தில் நான்தான் நிறுத்துவேன்.

எனக்கு அந்தக் குரல் வேண்டும் யாசர். கிணற்றிலோ குழாயிலோ, எப்படியாவது கொண்டு வா.

தஸ்மியா


தம்மாம்
11.11.2025

லாத்தா,

வ அலைக்கும் ஸலாம். மச்சானுக்கு டீ போட்டுக் கொடு, பாவம். இங்கே எங்கள் இன்ஜினியர் அரைநாள் வகுப்பெடுத்தும் விளங்காததை அவர் ஒரு தேக்சாவில் போட்டுவிட்டார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது, அதனால் முன்கதையை முதலில் சொல்கிறேன்.

பழைய நம்பரை வைத்திருப்பவர் பெயர் ஹாரூன். வங்காளதேசத்துக்காரர். ஹுஃபூஃப் என்ற ஊரில் சலவைக் கடையில் வேலை. முதல் தடவை கூப்பிட்டு, உங்கள் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்ல முடியுமா என்றேன். பட்டென்று வைத்துவிட்டார். அடுத்த தடவை கெட்ட வார்த்தை. அதற்கும் அடுத்த தடவை போலீஸ் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதே என்று நானே அஸீலாவுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ரயில் பிடித்து நேரிலேயே போய்விட்டேன். ஜும்ஆ முடிந்து கடை வாசலில் நின்றேன். அரைகுறை இந்தி, அரைகுறை அரபி. வெள்ளத்தில் நாசமான கேசட்டின் போட்டோவைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் குரல் தணிந்தது. அவர்கள் ஊரிலும் வெள்ளம் பழக்கம்தானாம். பிறகுதான் சொன்னார், ஒரு தடவை யாரோ பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி இப்படி எண் கேட்டு, அவர் வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்ததை எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டான். மகள் கல்யாணம் அதனால் தள்ளிப்போனது. அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை.

கடைசியில் ஒரு வழி சொன்னார். "உன் உம்மா குரல் என்கிறாய். சரி. என் கடையில், என் முன்னால் திற. சத்தமாகப் போடு. நானும் கேட்பேன். உம்மாவின் குரலா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். காதில் மாட்டிக்கொண்டு நீ மட்டும் கேட்பது என்றால் எண் தர மாட்டேன்."

அப்போதே சரி என்று சொல்லியிருக்கலாம். எண் வாங்கியிருக்கலாம், உனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் கை வரவில்லை. அன்னிய ஆம்பிளை காதுக்குப் போகாது என்று உனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தது நான். கேசட்டை உம்மா ஒப்படைத்தது உன்னிடம். லாத்தாவிடம் கேட்டு வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திருடன் யாரும் இப்படிச் சொல்லமாட்டான் என்று நினைத்திருப்பார்.

வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் லாத்தா. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

யாசர்


ஏரல்
28.11.2025

யாசருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

முதல் தடவை வாசித்ததும் தாளை நாலாக மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். முடியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சலவைக் கடையில், போகிறவன் வருகிறவன் நிற்கிற இடத்தில், உம்மா பைத்து படிப்பதா? என் உடம்பே கூசியது. அவள் உயிரோடு இருந்தால் இதற்குச் சம்மதிப்பாளா என்று நினைத்து நினைத்து மூன்று நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. அஸீலாவிடம் சொன்னேன். "நன்னி குரல் வராட்டாலும் பரவாயில்லம்மா, நீங்க கவலப்படாதீங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் இன்னும் வலித்தது.

பிறகு பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேசட்டின் முதல் வார்த்தை என்ன? போன கடிதத்தில் நானே எழுதினேனே. யாரோ ஒரு ஆள், முகம் தெரியாத நாட்டில், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு இதைக் கேட்பான் என்று தெரிந்துதான் உம்மா பேசினாள். தெரிந்துதான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கேட்டால் கேட்கட்டும், அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே என்று அவனுக்கும் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு, பிறகு தன் மனிதரோடு பேசப் போனாள். வாப்பாவிடம் போய்ச் சேர அந்த வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் அவளை விடப் பெரிய உம்மாவாகிக் கதவிடுக்கில் சேலையைத் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கஸ்டம்ஸ் தம்பிக்குச் சொன்ன ஸலாம் ஹாரூனுக்கும் சேரும். போய்ப் போடு. சத்தமாகவே போடு.

ஆனால் தொடக்கத்திலிருந்து போடு. அந்த ஸலாம் அவர் காதில் விழாமல் நடுவிலிருந்து போடாதே. கருப்பட்டி இரண்டு கட்டு அனுப்புகிறேன், ஒன்று அவருக்கு.

லாத்தா


தம்மாம்
15.12.2025

லாத்தா,

வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். இதை முதல் வரியில் எழுதாவிட்டால் நீ கீழே வாசிக்க மாட்டாய்.

ஹாரூன் கடையில் துணி தேய்க்கிற மேசைக்கு ஓரமாக ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். ஜும்ஆ முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன நேரம், வேறு யாரும் இல்லை. நான் என் போனில் கணக்கைத் தட்டினேன். அவர் போன் ஒரு தடவை அதிர்ந்தது. அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை, தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கணக்கு திறந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

நீ சொன்னபடி தொடக்கத்திலிருந்து போட்டேன். முதலில் அந்த இரைச்சல். பிறகு உம்மா. "அஸ்ஸலாமு அலைக்கும். இதக் கேக்குத கஸ்டம்ஸ் தம்பிக்கும் ஸலாம். தம்பி, இதுல வேற ஒண்ணுமில்ல, வீட்டுப் பேச்சுதான். கேட்டுட்டு ஒழுங்கா அடைச்சு அனுப்பிரணும்."

ஹாரூனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் முதல் வார்த்தை தெரியுமே. தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, போனைப் பார்த்து, "வ அலைக்கும் ஸலாம்" என்றார். யாரோ பெரியவர் கடைக்குள் வந்த மாதிரி எழுந்து நின்று சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, அழுதுவிட்டேன். "உம்மாதான்" என்று அவரே சொன்னார்.

பைத்து முடிந்தது. வழக்கம் போல நிறுத்தப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். இன்னும் ஓடுகிறதே, முழுவதும் கேட்பேன் என்பதுதானே பேச்சு என்றார். சரி, நிறுத்துகிற பழக்கம்தான் என்னை விடவில்லை என்று ஓடவிட்டேன். கேசட்டை ஏற்றிய அன்று மெஷினை ஓடவிட்டு நான் தொழப் போய்விட்டேன், அதனால் ஒரு பக்கம் முழுவதும் அப்படியே ஏறியிருக்கிறது. வெறும் இரைச்சல்தான் ஓடியது. அவர் சட்டைகளை மடிக்கத் தொடங்கினார். நான் கருப்பட்டிக் கட்டைப் பிரித்தேன். அப்போது இன்னொரு சத்தம் வந்தது.

அது என்ன என்று எழுதமாட்டேன். கோபிக்காதே. நீயே கேட்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், பைத்து முடிந்ததும் நிறுத்திவிடாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவ். அது உன் கிணறு, பீரோவில் வை. இன்னொன்று அஸீலாவுக்கு. மேகத்திலும் இருக்கிறது, அங்கே நம்பரை மாற்றி உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கதவு பூட்டிக்கொண்டால் திறக்கிற எண் உன் போனுக்குத்தான் வரும், என்னைப் பிளாக் பண்ணினாலும் அது வரும். இனிமேல் குழாயும் கிணறும் இரண்டும் வேண்டும் லாத்தா, ஒன்றை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

நிக்காஹுக்கு லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. வாப்பாவுக்குக் கிடைக்காத லீவு எனக்கு எங்கே கிடைக்கும்? நீ வர வேண்டாம் என்று எழுதியது பலித்துவிட்டது.

யாசர்


ஏரல்
27.01.2026

என் தம்பி யாசருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக இருக்கிறாயா? சாப்பிடுகிறாயா? அங்கே குளிர் எப்படி?

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அஸீலா மேலப்பாளையம் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நீ வர வேண்டாம் என்று எழுதிய என் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கோபத்தில் எழுதியதை அல்லாஹ் கணக்கில் வைக்க வேண்டாம்.

பைத்தன்று உம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். கடையிலிருந்து மச்சான் பெரிய ஸ்பீக்கர் கொண்டுவந்து வைத்தார். நீ இருமியதும் வந்தது. "மாமா இருமுதாங்க" என்று அஸீலா சிரித்தாள். உம்மா ஒரு அடி படிக்க, பெண்களெல்லாம் அடுத்த அடி. மைமூன் மாமி நடக்க மாட்டாமல் நாற்காலியில் வந்திருந்தாள். தன் கல்யாணத்துப் பைத்தைத் தானே கேட்டு, அஸீலா கையைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாக அழுதாள்.

முடிந்ததும் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் நிறுத்தவில்லை. நீ அவ்வளவு சொன்ன பிறகும் முன்னாலேயே கேட்டுவிடாமல் அன்றைக்கென்று வைத்திருந்தேன். மாமியும் நானும் அஸீலாவும் மட்டும் இருந்தோம். இரைச்சல் ஓடியது, ஓடியது. பிறகு தொண்டையைக் கனைக்கிற சத்தம். மாமி "காக்கா" என்று அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தியே விட்டாள்.

வாப்பா.

நீ கேட்டதுதான், ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால் இன்னொரு இடத்தில் இருக்கும்.

"ஏ பிள்ள. கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். முதலுக்கு ஓட்டி வச்சு, பேசலாம்னு பட்டன்ல வெரல வச்சேன். அமுக்கக் கை வரல. ஒன் பேச்சு மேல எம் பேச்ச எப்பிடி வைக்க? அதான் நீ முடிச்ச எடத்துக்குப் பொறவு பேசுதேன். இத அனுப்ப மாட்டேன், இங்கனயே இருக்கட்டும். பஜார்ல வேற கேசட்டு வாங்கி நாளைக்குப் பேசுதேன். ஆமா, எல்லாருக்கும் பொதுவா ஒரு ஸலாம் சொன்ன, கஸ்டம்ஸ்காரனுக்குத் தனியா ஒண்ணு சொன்ன. எனக்குத் தனியா ஒண்ணு சொல்லலியே பிள்ள நீ?"

அதோடு டக்கென்று பட்டன் சத்தம்.

உம்மா இதைக் கேட்கவே இல்லை யாசர். ஒவ்வொரு தடவையும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டாளே, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவர் குரல் வந்திருக்கும். வாப்பாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நிறுத்தாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதை நினைத்து நேற்று முழுவதும் அழுதேன். அழுது முடித்ததும் என்னமோ லேசாக இருந்தது.

இத்துடன் அந்தப் பென்டிரைவைத் திருப்பி அனுப்புகிறேன். கிணறு காலியாகிவிட்டதே என்று பதறாதே, அஸீலா எனக்கு இன்னொன்றில் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நிக்காஹ் நடந்த கதை முழுவதையும், நீ கேட்க வேண்டும் என்று, உள் அறையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசி அதில் சேர்த்திருக்கிறேன். உன் நம்பரைத் திறந்துவிட்டேன், போனிலும் சொல்லுவேன். ஆனால் இது வேறு. அவர்கள் பேச்சு எதையும் தொடவில்லை. வாப்பா முடித்த இடத்துக்குப் பிறகு என் குரல் வரும்.

முக்காடு போட்டுக்கொண்டுதான் பேசினேன். முதலில் வாப்பாவுக்குத் தனியாக ஒரு ஸலாம், உம்மா சார்பில். அதற்கு அடுத்து ஹாரூனுக்கு ஒன்று, அவர் மகள் கல்யாணம் நடக்க ஒரு துஆ. அதற்குப் பிறகுதான் உனக்கு. கடைசி வரை கேள்.

லாத்தா